கிழக்கு ஆப்பிரிக்க ஃப்ளோரின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்த ஊர்ப் பணம்? எத்தனை நாள் ஓடியது?

இன்றைய கென்யாவிலும் உகாண்டாவிலும் பிரிட்டிஷ் ஆட்சி 1920-இல் கொண்டுவந்த பணம். இந்திய ரூபாயின் இடத்தில் வந்தது. 1921-இல் ஷில்லிங் வந்து இதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. 1922 பிறக்கும்போது கணக்குப் புத்தகங்களில் ஃப்ளோரின் இல்லை. நாணயங்களில் 1920 என்ற ஒரே ஆண்டுதான் உண்டு. 1 ஃப்ளோரின் என்பது 2 ஷில்லிங், அதாவது ஒரு பவுண்டில் பத்தில் ஒரு பங்கு. உள்ளே 100 செண்ட்.

இதை ஒரு நாணயத்தின் வரலாறாகப் படித்தால் ஒன்றரைப் பக்கத்தில் முடிந்துவிடும். கடன் யார் தலையில், கூலி யார் கையில் என்பதைத் தீர்மானித்த ஒரு விகிதத்தின் வரலாறாகப் படித்தால்தான் விஷயம் பிடிபடும்.

ஆப்பிரிக்காவில் இந்திய ரூபாய்க்கு என்ன வேலை?

மொம்பாசா, சான்சிபார் கடற்கரையின் வணிகம் பம்பாயோடும் குஜராத்தின் கச்சோடும் பின்னிக் கிடந்தது. 1888-இல் மொம்பாசாவுக்கென்று நாணயம் அடித்த பிரிட்டிஷ் கம்பெனியும் ரூபாயைத்தான் அடித்தது. 1896 முதல் 1901 வரை மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரிக்கரை வரை ரயில் பாதை போட ஏறத்தாழ 32,000 இந்தியத் தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டார்கள். அவர்கள் கூலியும் ரூபாயில்தான். தண்டவாளம் உள்ளே போகப் போக ரூபாயும் கூடவே போனது.

1905-இல் சட்டமே ரூபாயைப் பொதுப் பணமாக்கியது. ஒரு வேறுபாடு உண்டு: இந்தியாவில் ரூபாய்க்கு 16 அணா, 64 பைசா, இங்கே 100 செண்ட். அரை ரூபாய், கால் ரூபாய், நடுவில் துளையிட்ட சில்லறைக் காசுகள் எல்லாம் உள்ளூருக்கென்று தனியாக அடிக்கப்பட்டன. முழு ரூபாய் மட்டும் இந்திய நாணயமேதான். பின்னால் வந்த தொல்லைகளுக்கெல்லாம் விதை இதில் இருக்கிறது: கிழக்கு ஆப்பிரிக்காவின் முதன்மை நாணயத்தை அடித்ததும் அதன் மதிப்பைத் தாங்கியதும் இன்னொரு நாட்டு அரசு.

15 ரூபாய்க்கு 1 பவுண்டு என்ற கணக்கு ஏன் உடைந்தது?

முதல் உலகப் போருக்கு முன் ஒரு ரூபாய் 1 ஷில்லிங் 4 பென்ஸ், அதாவது 16 பென்ஸ். ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ். 240-ஐ 16-ஆல் வகுத்தால் 15. ரூபாயில் இருந்த வெள்ளியின் விலை அதைவிட மிகக் குறைவு என்பதால் இந்த விகிதம் நின்றது.

போரில் வெள்ளி விலை ஏறியது. ஒரு ரூபாய் 180 கிரெய்ன் எடை, சரியாக ஒரு தோலா, 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. ஆக ஏறத்தாழ 10.69 கிராம் தனி வெள்ளி. லண்டன் சந்தையில் வெள்ளி அவுன்ஸ் 43 பென்ஸைத் தாண்டியதும் நாணயத்தில் உள்ள வெள்ளியே 16 பென்ஸ் பெறும். அதற்கு மேல் போனால் ரூபாயை உருக்குவதுதான் லாபம். இதைத் தடுக்க இந்திய அரசு 1917 முதல் ரூபாயின் விலையைப் படிப்படியாக உயர்த்தியது. 1919 டிசம்பரில் 2 ஷில்லிங் 4 பென்ஸ். 1920 பிப்ரவரியில் வெள்ளி அவுன்ஸ் 89½ பென்ஸைத் தொட்டபோது, ஒரு ரூபாயை உருக்கினால் 33 பென்ஸ் கிடைக்கும் நிலை.

இந்தியாவில் எடுத்த முடிவு மொம்பாசாவில் தானாகவே அமலுக்கு வந்தது. நைரோபியில் யாரையும் யாரும் கேட்கவில்லை.

பணத்தின் மதிப்பு ஏறினால் நல்லதுதானே? யாருக்கு வலித்தது?

ரூபாயில் கடன் வாங்கி, பவுண்டில் வருமானம் பார்த்தவர்களுக்கு வலித்தது. அதாவது வெள்ளைக் குடியேறிகளான பண்ணையாளர்களுக்கு. அவர்களது காப்பியும் ஆளி நாரும் லண்டனில் பவுண்டுக்கு விலைபோயின. கூலி, வட்டி, வங்கிக் கடன் எல்லாம் ரூபாயில்.

100 பவுண்டுக்குச் சரக்கு விற்றவர் கையில் என்ன வந்தது என்று பாருங்கள். ரூபாய் 16 பென்ஸாக இருந்தபோது 1,500 ரூபாய். 24 பென்ஸானபோது 1,000 ரூபாய். 28 பென்ஸானபோது 857 ரூபாய். சரக்கு அதே, லண்டன் விலையும் அதே.

கடனை எடுத்துக்கொள்ளுங்கள். 15,000 ரூபாய்க் கடன் போருக்கு முன் 1,000 பவுண்டு. 2 ஷில்லிங் விகிதத்தில் அது 1,500 பவுண்டு. ஒரு காசுகூடக் கூடுதலாக வாங்காமலே கடன் பாதி மடங்கு வளர்ந்துவிட்டது.

மறுபக்கம், ரூபாயில் சம்பளம் வாங்கியவர்களுக்கும், ரூபாயில் கடன் கொடுத்த வங்கிகளுக்கும், ரூபாயைக் கையிருப்பாக வைத்திருந்த இந்திய வணிகர்களுக்கும் ஆதாயம். ஆப்பிரிக்கத் தொழிலாளருக்கும் தாளில் ஆதாயம்தான். அது எத்தனை நாள் நின்றது என்பது கீழே வருகிறது.

2 ஷில்லிங் என்று யார் முடிவு செய்தார்கள்? ஏன் அந்த எண்?

லண்டனில் காலனி அமைச்சராக இருந்த மில்னர் பிரபு, 1920 தொடக்கத்தில். பண்ணையாளர்கள் பழைய 1 ஷில்லிங் 4 பென்ஸைக் கேட்டார்கள். வங்கிகள் அதை ஒப்பவில்லை; அப்போதைய சந்தை விலையோ 2 ஷில்லிங் 4 பென்ஸுக்கு மேல். 2 ஷில்லிங் என்பது நடுவில் வெட்டிய கோடு. பவுண்டில் சரியாகப் பத்தில் ஒன்று என்பதால் கணக்குக்கும் வசதி.

இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அதே நேரத்தில் இந்திய ரூபாய்க்கும் ‘2 ஷில்லிங்’ பரிந்துரைக்கப்பட்டது. ஆனால் அது 2 தங்க ஷில்லிங். போருக்குப் பின் பிரிட்டனின் தாள் பவுண்டு தங்கத்துக்கு எதிராகச் சரிந்து கிடந்தது. டாலர் கணக்கில் 4.86-இலிருந்து 3.40-க்கும் கீழே இறங்கியது. எனவே 2 தங்க ஷில்லிங் என்பது தாள் பணத்தில் 2 ஷில்லிங் 10 பென்ஸுக்கும் மேலே போயிற்று. கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கொடுத்தது தாள் பவுண்டின் 2 ஷில்லிங். பெயர் ஒன்று, பொருள் இரண்டு.

விகிதத்தை நிலைநிறுத்தினால் போதாதா? புது நாணயம் எதற்கு?

போதாது. இந்திய ரூபாயின் விலையைத் தீர்மானிப்பது இந்தியாவும் வெள்ளிச் சந்தையும். அதே நாணயத்துக்கு மொம்பாசாவில் வேறு விலை என்று அறிவித்தால் இரண்டில் ஒன்று நடக்கும்: வெளியே விலை அதிகமானால் ரூபாய் கப்பலேறி ஓடிவிடும், வெளியே விலை குறைந்தால் கப்பலேறி வந்து குவியும். இதிலிருந்து தப்ப, பெயரிலும் உலோகத்திலும் வேறான, பவுண்டோடு மட்டும் கட்டப்பட்ட ஒரு பணம் தேவை.

அதற்காகத்தான் 1919 டிசம்பரில் லண்டனில் கிழக்கு ஆப்பிரிக்க நாணய வாரியம் அமைந்தது. 1920-இல் வந்த ஆணை ஃப்ளோரினைச் சட்டப் பணமாக்கியது. ரூபாயில் இருந்த கடன், ஒப்பந்தம், வரி எல்லாம் ஒன்றுக்கு ஒன்று என்று ஃப்ளோரினாக மாறின. ஆனால் ரூபாயையும் சிறிது காலம் அதே 2 ஷில்லிங்குக்கு ஏற்றுக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். வேலி போட்டுவிட்டு வாசற்படலைத் திறந்து வைத்த கதைதான்.

ஃப்ளோரினில் வெள்ளி எவ்வளவு?

எடை 11.66 கிராம், ரூபாயின் அதே ஒரு தோலா. கையில் எடுத்தால் ரூபாய் போலவே கனக்கும். ஆனால் வெள்ளி பாதிக்குப் பாதிதான், 5.83 கிராம். ரூபாயில் இருந்தது 10.69. பிரிட்டனே 1920-இல் தன் வெள்ளிக் காசுகளை ஆயிரத்தில் 925-இலிருந்து 500-ஆகக் குறைத்திருந்தது. அதே கலவைதான் இங்கும்.

அடுத்து வந்த 1921 ஷில்லிங் இன்னும் கீழே போனது. எடை 7.78 கிராம், வெள்ளி கால் பங்கு, அதாவது 1.94 கிராம். ஒரு ஃப்ளோரினுக்கு இரண்டு ஷில்லிங் என்று மாற்றியவர் கையில் மிஞ்சிய வெள்ளி 3.89 கிராம். ஒரே ‘2 ஷில்லிங்’ மதிப்புக்கு 10.69, 5.83, 3.89 என்று மூன்று படிகள், இரண்டு ஆண்டுக்குள். வெள்ளியை நம்பிச் சேமித்தவருக்கு இது சின்ன விஷயமல்ல.

எங்கே தவறியது?

விகிதத்தை நிறுத்தியது, ரூபாய் உச்சியில் இருந்த நேரத்தில். ஒரு வருடத்துக்குள் எல்லாம் தலைகீழ். வெள்ளி 1921-இல் அவுன்ஸ் 40 பென்ஸுக்குக் கீழே இறங்கியது. இந்திய ரூபாய் திரும்பவும் பழைய 1 ஷில்லிங் 4 பென்ஸை ஒட்டி வந்து, அதற்கும் கீழே போனது. மில்னர் இன்னும் ஓராண்டு பொறுத்திருந்தால் ஃப்ளோரினே தேவைப்பட்டிருக்காது. நடந்து முடிந்த பிறகு இதைச் சொல்வது எளிது. 1920 பிப்ரவரியில் வெள்ளி விழும் என்று பந்தயம் கட்ட யாருக்கும் துணிவு இருந்திருக்காது.

விலை விழுந்ததும் கடத்தல் தொடங்கியது. கணக்கு எளியது:

1. பம்பாயில் 1 பவுண்டுக்கு 15 ரூபாய் வாங்கு.
2. அந்த 15 ரூபாயை மொம்பாசாவுக்குக் கொண்டு வா.
3. ஒன்றுக்கு ஒன்றாக 15 ஃப்ளோரினாக மாற்று. அது 30 ஷில்லிங், ஒன்றரைப் பவுண்டு.
4. பவுண்டாக்கிப் பம்பாய்க்கு அனுப்பு. மறுபடி முதலிலிருந்து.

ஒரு சுற்றுக்கு, போட்ட முதலில் பாதி லாபம். கப்பல் கூலியும் காப்பீடும் போனாலும் மிச்சம் நிறைய. நாணயத்தை இறக்குமதி செய்யத் தடை போட்டார்கள். பாய்மரக் கப்பல்கள் நூற்றாண்டுக் கணக்காக வந்துபோகும் கடற்கரையில் அந்தத் தடை எவ்வளவு செல்லும் என்று சொல்லத் தேவையில்லை.

ரூபாய் எப்படிச் செல்லாக் காசானது?

1921 தொடக்கத்தில் இந்திய ரூபாயின் சட்டச் செல்லுபடியை நீக்கினார்கள். கடத்தலை நிறுத்த வேண்டுமானால் அறிவிப்பு திடீரென்று வர வேண்டும். மக்களுக்கு நட்டம் வராமலிருக்க அவகாசம் நீள வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர். அரசு தேர்ந்தெடுத்தது முதலாவதை. வங்கி இருந்த ஊர்க்காரர் ஓடிப்போய் மாற்றிக்கொண்டார். வங்கியிலிருந்து பல நாள் நடைத் தொலைவில் இருந்தவருக்குச் செய்தி போய்ச் சேர்வதற்குள் அவர் பானையில் வைத்திருந்த ரூபாய் 24 பென்ஸிலிருந்து உலோக விலைக்கு இறங்கிவிட்டது. அதையும் உள்ளூர்க் கடைக்காரர் வட்டம் பிடித்துக்கொண்டுதான் வாங்குவார்.

இதில் வாரியத்துக்கு நட்டமா?

பெரிய நட்டம். வாங்கிய ஒவ்வொரு ரூபாய்க்கும் 24 பென்ஸ் பொறுப்பை ஏற்று, அந்த ரூபாயை வெளியே 16 பென்ஸுக்குத்தான் தள்ள முடிந்தது. ரூபாய்க்கு 8 பென்ஸ் நட்டம். 30 ரூபாய் வாங்கினால் 1 பவுண்டு போச்சு. வெளியிட்ட பணத்துக்கு முழு ஈடு பவுண்டில் இருக்க வேண்டும் என்பதுதான் நாணய வாரியத்தின் இலக்கணம். இந்த வாரியம் பிறக்கும்போதே அந்த இலக்கணத்தை மீறிப் பிறந்தது. ஓட்டை அடைபடப் பல பத்தாண்டுகள் ஆயின.

பிறகு ஏன் ஷில்லிங்? ஃப்ளோரினையே வைத்திருக்கலாமே?

பண்ணையாளர்கள் ஃப்ளோரினை 1 ஷில்லிங் 4 பென்ஸுக்கு இறக்கச் சொல்லி மறுபடி கேட்டார்கள். 2 ஷில்லிங் விகிதத்தை நம்பி ஒப்பந்தம் போட்டவர்கள், வங்கிகள் உட்பட, எதிர்த்தார்கள். விகிதத்தை அசைக்க முடியாது என்றானதும் அலகைச் சிறிதாக்கும் யோசனை வந்தது. ஷில்லிங்கை 100 செண்டாகப் பிரித்தால், முன்பு 10 செண்டுக்கு விற்ற பொருள் புதுக் கணக்கிலும் 10 செண்டுக்கே விற்கும், கூலியும் அப்படியே எண்ணிக்கை மாறாமல் பாதியாகும் என்ற எதிர்பார்ப்பு. விகிதத்தைத் தொடாமலே விலையையும் கூலியையும் இறக்கும் வழி.

செண்ட் காசுகளில் என்ன சிக்கல்?

பொதுமக்களை நேரடியாகத் தொட்ட சிக்கல் இதுதான். ஃப்ளோரினில் நூறில் ஒரு பங்காக இருந்த செண்ட், ஷில்லிங் கணக்கில் 2 செண்ட் பெற வேண்டும். ஏனென்றால் 1 ஃப்ளோரின் இப்போது 200 புது செண்ட். ஆனால் புழக்கத்தில் இருந்த துளைக் காசுகளின் மேல் ‘1’, ‘5’, ‘10’ என்றுதான் எழுதியிருந்தது. அவற்றை அந்த எண்ணுக்கே ஷில்லிங் செண்டாகச் செல்லவிட்டால், சில்லறையாகச் சேமித்த எல்லாருக்கும் ஒரே இரவில் பாதி போய்விடும். சில்லறையாகச் சேமித்தவர்கள் யார்? ஆப்பிரிக்கர்கள். வெள்ளைக்காரர் பணம் வங்கியில் இருந்தது. அது ஒழுங்காக இரட்டிக்கப்பட்டது.

அப்படிச் செல்லவிடலாம் என்ற யோசனை உண்மையிலேயே முன்வைக்கப்பட்டது. எதிர்ப்பு கிளம்பியதால் கைவிட்டார்கள்.

கூலி என்னவாயிற்று?

1921-இல் பண்ணையாளர்கள் ஒன்றுசேர்ந்து ஆப்பிரிக்கத் தொழிலாளரின் கூலியை மூன்றில் ஒரு பங்கு குறைக்க முடிவு செய்தார்கள். அந்தப் பின்னத்தைக் கவனியுங்கள். 24 பென்ஸில் மூன்றில் ஒரு பங்கு 8, மீதி 16. அதாவது 1 ஷில்லிங் 4 பென்ஸ். லண்டனில் கிடைக்காத பழைய விகிதத்தைத் தொழிலாளர் கூலியில் எடுத்துக்கொண்டார்கள். விளைபொருள் விலைச் சரிவும் காரணமாகச் சொல்லப்பட்டது, அது பொய்யுமல்ல. ஆனால் வெட்டின் அளவு நாணயக் கணக்கோடு இப்படி அச்சாகப் பொருந்துவதைப் பார்க்காமல் போக முடியாது.

வரி மட்டும் குறையவில்லை. குடிசை வரி 8 ரூபாய்க்கு உயர்ந்திருந்தது. அது 8 ஃப்ளோரினாகி, 16 ஷில்லிங்காக நின்றது. மாதம் 6 ரூபாய் கூலி என்று வைத்துக்கொண்டால், அது 12 ஷில்லிங். வெட்டுக்குப் பின் 8. முன்பு வரிக்காக ஒரு மாதமும் பத்து நாளும் உழைத்தவர் இப்போது முழுதாக இரண்டு மாதம் உழைக்க வேண்டும்.

ஆப்பிரிக்கர்களின் அரசியல் தலைவரான ஹாரி துக்கு நைரோபியில் 1921-இல் இளைஞர்களைத் திரட்டியபோது கூலி வெட்டும் வரியும் முதல் குறைகளாக இருந்தன. 1922 மார்ச்சில் அவர் கைதானபோது கூடிய கூட்டத்தின்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. அதே ஆண்டு வரி 12 ஷில்லிங்காகக் குறைந்தது.

டாங்கன்யிகா, சான்சிபார் இதில் சேர்ந்தனவா?

ஜெர்மானியரிடமிருந்து கைப்பற்றிய டாங்கன்யிகாவிலும் வாரியத்தின் பணமே வந்தது. சான்சிபார் சேரவில்லை. கரையிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க அந்தத் தீவில் ரூபாய் 1936 வரை ஓடியது. கடைசியில் 1 ரூபாய்க்கு 1 ஷில்லிங் 50 செண்ட் என்று மாற்றினார்கள். அது இந்திய ரூபாய் 1927-இல் நிலைபெற்ற 1 ஷில்லிங் 6 பென்ஸ் விகிதமேதான்.

50 செண்ட் காசில் ஒன்று கனமாகவும் ஒன்று லேசாகவும் இருக்கிறதே?

கனமானது ஃப்ளோரின் காலத்தது, 1920, 5.83 கிராம். அதில் 50 செண்டோடு ‘ஒரு ஷில்லிங்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும், ஏனென்றால் அது அரை ஃப்ளோரின். லேசானது 1921-க்குப் பிந்தையது, 3.89 கிராம், அதில் ‘அரை ஷில்லிங்’ என்றிருக்கும். இரண்டிலும் சிங்கம் உண்டு. விற்பவர்களே மாற்றி எழுதிவிடுகிறார்கள், ஆகவே எடையையும் எழுத்தையும் பாருங்கள், படத்தைப் பார்க்காதீர்கள்.

காசில் ‘எச்’, ‘ஏ’ என்ற சின்ன எழுத்து எதற்கு?

‘எச்’ பர்மிங்ஹாமின் ஹீட்டன் ஆலை. ஃப்ளோரின்களில் பெரும்பான்மை இதுவே. ‘ஏ’ லீட்ஸ் அருகே மோர்லியில் இருந்த அக்ராய்டு அண்ட் பெஸ்ட். நாணயம் அடிப்பதைப் பிழைப்பாகக் கொண்டவர்கள் அல்லர், இந்த நெருக்கடியில் வேலை எடுத்தவர்கள். எழுத்தில்லாதவை லண்டனில் இருந்த அரச நாணயச்சாலையில் அடித்தவை. 1920 தேதியிட்ட செம்பு-நிக்கல் துளைக் காசுகளில் பெரும்பகுதி உருக்கப்பட்டுவிட்டதால் அவை கிடைப்பது அரிது.

கையில் உள்ள ஃப்ளோரின் உண்மையானதா என்று எப்படிப் பார்ப்பது?

முதலில் நூறில் ஒரு கிராம் காட்டும் தராசில் எடை. தேய்மானத்தால் 11.66-இலிருந்து கொஞ்சம் குறையலாம், கூடக் கூடாது. காந்தம் ஒட்டக் கூடாது.

அடுத்து நீர்ச் சோதனை. தண்ணீர்க் குவளையைத் தராசில் வைத்து எடையைப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் முழுதாக மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தராசு காட்டுவது காசு விலக்கிய நீரின் எடை. பாதி வெள்ளிக் கலவையின் அடர்த்தி ஏறத்தாழ 9.6 முதல் 9.7, எனவே 1.21 கிராமை ஒட்டி வர வேண்டும். செம்பு-நிக்கல் போலியானால் 1.3-ஐத் தொடும். காசில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் அளவு கூடிக் காட்டி நல்ல காசையும் போலியாக்கும்; ஒரு சொட்டு பாத்திரச் சோப்பு போட்டால் குமிழி நிற்காது.

நிறத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். பாதி வெள்ளிக் காசுகள் தேயத் தேய மஞ்சளும் பழுப்புமாகத் தெரியும், அது இயல்பு. அதைப் போக்கப் புளியோ பொடியோ போட்டுத் தேய்த்தால் மேல்பூச்சு போய் உள்ளிருக்கும் செம்பு எட்டிப் பார்க்கும், சேகரிப்பாளர் கொடுக்கும் விலையும் விழும்.